பதினாலு பேர்

பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு கவுன் வாங்க நான்கு பேர் போயிருந்தோம். என் மகள், மருமகன், கவுன் போட வேண்டிய பேத்தி, காரில் இடம் இருக்கிறதே என்று ஏற்றிக்கொள்ளப்பட்ட நான். ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வர ஐம்பது நிமிஷம். வண்டலூரைத் தாண்டவே இருபது. கடையில் ஐந்து மாடி. குழந்தைகள் பகுதியை நான்காவதில் வைத்திருக்கிறார்கள், எந்தப் புண்ணியவான் யோசனையோ தெரியவில்லை. நகரும் படிக்கட்டில் கால் வைக்க எனக்குப் பயம். லிஃப்டுக்குப் பதினோரு நிமிஷம் நின்றோம்.

மேலே போனால் பெண் குழந்தைகளின் துணி இரண்டு பக்கமாகத் தொங்கியது. ஒரு பக்கம் ஆறு வயது வரைக்கும்: பட்டாம்பூச்சி, பூனைக்குட்டி, தொட்டால் கையில் ஒட்டும் மினுமினுப்பு. மறுபக்கம் அதற்கு மேலே உள்ளவர்களுக்கு. அதெல்லாம் மேடையில் ஆடப் போகிறவர்களுக்குத் தைத்தது போலிருந்தது. ஒன்றில் தோளுக்குத் துணி போதவில்லை, இன்னொன்றில் முதுகுக்கு. நடுவில் எதுவும் இல்லை. என் மகள் முப்பத்தெட்டு ஹேங்கர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எனக்கு வேறு வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“இதுல ஒண்ணாவது ஒரு குழந்தை போடற மாதிரி இருக்காப்பா?” என்றாள்.

விற்பனைப் பெண்தான் பதில் சொன்னாள். இப்போது எல்லாமே இப்படித்தான் வருகிறதாம், பாப்பா வேறு உயரமாம். மருமகன் கைப்பேசியில் வேறு கடைகளைத் தேட ஆரம்பித்தார். பேத்திக்கு ஒரே நிபந்தனை: பாக்கெட் இருக்க வேண்டும், சைக்கிள் சாவி போட. ஐந்தாவது உடையைப் போட்டுக்கொண்டு, அதன் விளிம்பைக் கீழே இழுத்தபடி அவள் வெளியே வந்து நின்றபோது மகள் என்னைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்கப்பா. இது பரவாயில்லையா?”

துணிக்கடையில் நான் அபிப்பிராயம் சொல்வதில்லை. அறுபத்துநான்கு வருஷமாகச் சொல்வதில்லை. என் மனைவி இருந்தவரைக்கும் இதற்காகவே என்னைத் திட்டுவாள், இவரைக் கூட்டிப்போவதும் ஒன்று குடையை எடுத்துப்போவதும் ஒன்று என்பாள். அவளுக்கும் காரணம் தெரியாது.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. சேலையூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். அக்கா அந்த வருஷம் மட்டும் அநியாயத்துக்கு வளர்ந்துவிட்டாள். அம்மா எப்போதும் அவளுடைய கவுனின் கீழ்விளிம்பில் உள்பக்கமாக மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்வாள்; வருஷத்துக்கு ஒன்று பிரித்தால் ஒரு கவுன் நான்கு கிறிஸ்துமஸ் தாங்கும் என்பது கணக்கு. அந்த வருஷம் மூன்று மடிப்பையும் பிரித்தாகிவிட்டது. வெளுக்காத துணி மூன்று பட்டையாகத் தெரிந்தது. அப்போதும் கவுன் முழங்காலுக்கு மேலேதான் நின்றது. இதைக் கண்டுபிடித்தபோது கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எந்தத் தையல்காரரும் கையில் துணி வாங்கத் தயாராக இல்லை. ரெடிமேட்தான் வழி.

அக்காவுக்கு அந்தக் கவுன் எதற்கு என்பதை நான் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் ஆலயத்தின் ஞாயிறுபள்ளிக்கு விளையாட்டுப் போட்டி நடக்கும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்களின் ஓட்டத்தில் இரண்டு வருஷமாக அவள்தான் முதல். மூன்றாவதும் ஜெயித்தால் கோப்பையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அலமாரியில் கோப்பைக்கு இடம்கூட ஒதுக்கியிருந்தாள், அப்பாவின் உலக உருண்டையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு.

பயிற்சிக்கு எங்களிடம் கடிகாரம் கிடையாது. அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தொடக்கூடாது. அதனால் நான்தான் கடிகாரம். மைதானத்தின் நீளத்தை அவள் தப்படி வைத்து அளந்து, அதே தொண்ணூறு தப்படியை எங்கள் தெருவில் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் குறித்து வைத்திருந்தாள். அவள் ஓடுவாள், நான் சத்தமாக எண்ணுவேன். ஒரே சீராக எண்ண வேண்டும், அவள் வேகமாக ஓடுகிறாள் என்று நானும் வேகமாக எண்ணிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் எதிலும் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அக்கா மட்டும் மற்றப் பிள்ளைகளிடம், எண்ணுவதற்கு என் தம்பியைப் போல ஆள் கிடையாது என்று சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய எண்ணிக்கை பதினேழு. அந்தப் பதினேழில் பாதி என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினேன்.

சனிக்கிழமை மதியம் நால்வரும் கிளம்பினோம். முதல் கடையில் கடைக்காரர் அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பாவாடை தாவணியை எடுத்துப் பலகையில் விரித்தார். அப்பா, பெண்ணுக்குப் பதினோரு வயதுதான், கவுன் காட்டுங்கள் என்றார். கடைக்காரர் அக்காவை மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு, அரை டிக்கெட் வாங்கப் பொய் சொல்கிறவரைப் பரிசோதகர் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்தார்.

இரண்டாவது கடையில் கவுன் இருந்தது. நெஞ்சில் வாத்து, தோளில் ஜாலர். அக்காவின் மேல் வைத்துப் பார்த்தால் இடுப்போடு நின்றது. “இத்த வேணா மேல்சட்டையா போட்டுக்கலாம் சார், கீழ ஒரு பாவாட குட்த்துடறேன்,” என்றார் அந்தக் கடைக்காரர். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவுக்கு வரவில்லை. மூன்றாவது கடையிலும் தாவணிதான். குழந்தையாகவும் இல்லாமல் பெரியவளாகவும் இல்லாமல் ஒருத்தி சில வருஷம் இருப்பாள் என்பது தாம்பரத்தில் எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை. அப்பா கடைக்குக் கடை ‘பதினோரு வயசுதாங்க’ என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவர் குரலில் ஒரு கெஞ்சல் வந்துவிட்டது. வகுப்பில் அப்படி ஒரு குரலை அவர் வைத்துக்கொண்டதே கிடையாது.

மூன்றாவது கடையை விட்டு இறங்கியதிலிருந்து அக்கா முழங்காலை மடக்கி நடக்க ஆரம்பித்தாள். உயரத்தைக் குறைத்துக் காட்டத்தான். தோளைக் கூட்டி, காலை வளைத்து, வாத்து நடப்பதுபோல வந்தாள். அம்மா, காலில் முள்ளா, நேராக நட என்று இரண்டு முறை அதட்டினாள். கொஞ்ச தூரம் நேராக நடப்பாள், பிறகு மறுபடியும் மடக்கிக்கொள்வாள்.

மேற்குத் தாம்பரத்துக் கடைத்தெருவுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயிலில் நாற்பத்தொரு பெட்டி எண்ணினேன். ரயில் போய்விட்டது, எண்ண எதுவும் இல்லை. அப்போதுதான் அக்காவை யாரோ திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். ஒன்று. சரி, இதை எண்ணலாம் என்று ஆரம்பித்தேன்.

நான்கு, ஐந்து, ஆறாவது கடைகளிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவதில் அப்பா கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார். ஏழாவது கடை தெருக்கோடியில் இருந்தது. காதில் சாக்குக்கட்டி சொருகிய கனத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஆறு கடை ஏறி இறங்கிய கதையை அப்பா சொன்னதும் அவர் சிரித்தார்.

“இன்னா சார் நீங்க, மொதல்லயே இங்க வந்துக்கினு இருக்கலாம்ல. ரயில்வே காலனில ஒரு வூட்டுக்கு ஆர்டர் எடுத்து தெச்சது ஒண்ணு கீது. அவங்க மாத்தலாயிப் போய்ட்டாங்க. பாப்பா அளவுதான்.”

பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்கியது. கருநீலம், வெள்ளைப் புள்ளி, வெள்ளைக் காலர். இரண்டு பக்கமும் பாக்கெட். அக்கா திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்காலைச் சரியாக மூடியது. இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, மூன்றாவது கடைக்குப் பிறகு முதல் தடவையாக யாரும் அதட்டாமலே நேராக நின்றாள். கண்ணாடியில் என்னைத் தேடிப் பிடித்து, பாக்கெட்டுக்குள்ளிருந்தே ஒரு விரலால் தொடையில் தட்டிக் காட்டினாள். எண்ணத் தயாராக இரு என்று எங்களுக்குள் அதற்கு அர்த்தம்.

அம்மா அவளை முக்காலியில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் கவுன் நான்கு விரற்கடை மேலே ஏறியது.

“என்னங்க, உட்கார்ந்தா முட்டி தெரியுதே.”

“குழந்தைதானே. தெரிஞ்சா என்ன?”

“நமக்குக் குழந்தை. பார்க்கிறவங்களுக்கு?”

அப்பாவுக்குக் கால் வலி, ஏழு கடை அலைச்சல், கடைசியில் கையில் கிடைத்த கவுனையும் விடச் சொல்கிறாளே என்ற எரிச்சல். “யாரு பார்க்கிறாங்க? இவ்வளவு தூரம் நடந்து வந்தோமே, வழியில ஒருத்தராவது திரும்பிப் பார்த்தாங்களா, சொல்லு?”

அது அம்மாவிடம் கேட்டது. ஆனால் அம்மாவுக்கு விடை தெரியாது, எனக்குத் தெரியும். கேள்வி கேட்டால் தெரிந்தவன் எழுந்து சொல்ல வேண்டும் என்பது அப்பா கற்றுக்கொடுத்ததுதான்.

“பதினாலு பேர்ப்பா,” என்றேன்.

கடைக்காரர் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டார். அம்மா என் முழங்கைக்கு மேலே கிள்ளினாள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

“எத்தனை?” என்று கேட்டார் அப்பா.

“பதினாலு. கேட்டுலேர்ந்து இந்தக் கடை வரைக்கும். நான் எண்ணினேன்.”

என் எண்ணிக்கையை அப்பா சந்தேகப்பட்டதே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், இவன் ஒரு எண்ணைச் சொன்னால் சரிபார்க்க வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, உயரத்தைப் பார்த்தார். மதியத்திலிருந்து ஆறு கடைக்காரர்கள் பார்த்த அதே பார்வை. பிறகு வருகைப்பதிவு கூப்பிடும் குரலில், “தாவணியே காட்டுங்க,” என்றார்.

அக்கா பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மாதான் போய், போ, கழற்றிக் கொடு என்று மெதுவாகச் சொன்னாள். கடைக்காரர் பச்சைத் தாவணி ஒன்றை விரித்து, “சீக்கிரமே போட்டுப் பழகட்டும் சார், அதுவும் நல்லதுக்குத்தான்,” என்று ஆறுதலாகச் சொன்னார். கவுன் அட்டைப் பெட்டிக்குள் போனது. கவுனின் நான்கு பொத்தான்களை அவர் ஒவ்வொன்றாகப் போட்டு மூடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரும்போது அப்பாவும் அம்மாவும் முன்னால் போனார்கள். அக்கா நேராக நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் கேட்டாள்.

“நீ ஏன்டா எண்ணினே?”

“நீதானே எப்பவும் எண்ணச் சொல்லுவே.”

“ஓடும்போதுடா,” என்றாள். “நான் ஓடும்போது மட்டும்.”

அந்தப் பதினாலு பேரின் பட்டியல் எனக்கு இன்றும் மனப்பாடம். ஒன்பது பேர் பெண்கள்: கேட்டருகே பூ விற்ற இரண்டு பேர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, கீரைக்கூடையோடு ஒருத்தி, கைகோத்துப் போன பள்ளிக்கூடப் பெண்கள் ஐந்து பேர். மூன்று பேர் என்னைவிடச் சின்னப் பையன்கள். அக்காவின் வாத்து நடையைப் பார்த்து அவர்களும் முழங்காலை மடக்கி நடந்து காட்டினார்கள். ஒருவர் கேட்காரர், காலில் அடி பட்டிருக்கிறதோ என்று எட்டிப் பார்த்தார். கடைசியானவர் எங்கள் ஆலயத்துப் போதகர். சைக்கிளைத் திருப்பி, அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் பார்த்தார். பதினாலில் ஒருவர்கூட அக்காவின் முழங்காலைப் பார்க்கவில்லை. போதகரைத் தவிர மற்றவர்கள், அவள் ஏன் அப்படிக் கோணிக்கொண்டு நடக்கிறாள் என்றுதான் பார்த்தார்கள்.

அப்பா கேட்டிருந்தால் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருப்பேன். எத்தனை என்று கேட்டவர் யார் யார் என்று கேட்கவில்லை. நானும் கேட்காததைச் சொல்லும் வழக்கமில்லாதவன். கவுன் பெட்டிக்குள் போய்ப் பெட்டி பரணுக்குப் போகும்வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அக்கா பச்சைத் தாவணியில் வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தாவணிக்கு மாறுவதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் ஒரு சின்ன விசேஷம் வைத்து, நான்கு பேரைக் கூப்பிட்டு, அதற்குப் பிறகுதான் தாவணி. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஆறு பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அதில் இரண்டு பேருக்கு வருத்தம். இல்லை, உயரமாகிவிட்டாள், அதனால்தான் என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அக்கா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தாவணித் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். முன்வரிசைப் பாயில் எங்களோடு உட்கார்ந்தவளைப் பெண்கள் பக்கத்து பெஞ்சுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்து ஆலயம் வருவதற்குள் அவளைத் திரும்பிப் பார்த்தவர்கள் இருபத்தாறு பேர். பாதிக்கு மேல் ஆண்கள். அம்மா கிள்ளியது நினைவில் இருந்ததால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பழைய கவுனைப் போட்டுக்கொண்டாவது ஓடுகிறேனே என்று அக்கா அப்பாவிடம் கேட்டாள். ஒரு தடவை தாவணி போட்ட பெண் மறுபடி கவுன் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார் அவர். அவருக்கும் அது பிடித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அன்று மாலையே அலமாரியில் உலக உருண்டையைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தவள் அக்காதான்.

இதை எழுதும்போது அக்காவுக்கு வயது எழுபத்தைந்து. கூடுவாஞ்சேரியில் மகனோடு இருக்கிறாள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த ஒன்பது பெண்களைப் பற்றி, மூன்று பையன்களைப் பற்றி, கேட்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். சொன்னால் அவளுக்கு என்ன ஆகும்? கவுனை எடுத்து வைத்ததற்கு ஒரு காரணமாவது இருந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருப்பாள். அதுவும் இல்லை என்று ஆகிவிடும்.

பேத்திக்குக் கடைசியில் பையன்கள் பகுதியில் ஒரு சட்டையும் கால்சட்டையும் எடுத்தார்கள். நான்கு பாக்கெட். அவள் நான்கிலும் கைவிட்டுப் பார்த்து, “தாத்தா, சாவி, சாக்லேட், கர்சீப் எல்லாம் போட்டும் ஒண்ணு மிச்சம்,” என்றாள். சரியாகத்தான் எண்ணுகிறாள். அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

விளையாட்டுப் போட்டி நாளில் அக்காவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பெரிய பெண்ணாகிவிட்டாள் அல்லவா, முடிவுக் கோட்டில் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பச்சைத் தாவணியை இடுப்பில் இறுகச் சொருகிக்கொண்டு அவள் நின்றாள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஏழு பேர் ஓடினார்கள். விசில் ஊதியதும் நான் வழக்கம்போலச் சத்தமாக எண்ணினேன். முதலில் வந்தவள் ரிப்பனை நெஞ்சால் தள்ளியபோது பத்தொன்பது.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கூட்டத்துக்குள் புகுந்து அக்காவிடம் ஓடினேன். ரிப்பன் தரையில் புரண்டு மண்ணாகியிருந்தது. அவள் அதைத் தட்டித் தட்டி இரண்டு விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பத்தொம்பதுக்கா. உன் பதினேழை யாரும் தொடலை.”

“சரிடா,” என்றாள். சுற்றுவதை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னை எண்ணச் சொன்னதே இல்லை. விடுமுறை முழுவதும் நான் தண்ணீர்க் குழாயருகே போய் நின்று பார்த்தேன், அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பத்தொன்பது என்று வந்த அன்றே தான் எல்லோரையும் ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் ஓடிப் பார்க்க என்ன இருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.